எங்கள் ஊர் நிறத்தில் ஒரு பல்

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை திருட்டுச் சரக்கு. தர்மபுரியில் ஒரு பல் மருத்துவமனையின் காத்திருப்பு அறையில் பதினான்காம் டோக்கனோடு நான் உட்கார்ந்திருந்தேன். பதின்மூன்றாம் டோக்கன்காரி உள்ளே பேசியது, சரியாகச் சாத்தாத கதவு வழியாகக் கேட்டது. வீட்டுக்கு வந்ததும் எழுதிவைத்துக்கொண்டேன். ஒட்டுக்கேட்பது தப்பு என்று நினைக்கிறவர்கள் இங்கேயே அடுத்த கதைக்குப் போகலாம். எழுதுகிற எல்லாரும் செய்கிற வேலைதான் இது, நான் ஒப்புக்கொள்கிறேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

அவள் சொன்னது இதுதான்: "இந்த வெள்ளையெல்லாம் எனக்கு வேணாங்க டாக்டரு. எங்க ஊரு நெறத்துல ஒரு பல்லு குடுங்க."

டாக்டர் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. அந்த ஒரு வரியில்தான் இந்தக் கதை பிறந்தது.

(நான் எதற்காக அங்கே போயிருந்தேன் என்று கேட்பீர்கள். பிறகு சொல்கிறேன். சொல்லாமலும் விட்டுவிடுவேன், என் இஷ்டம்.)

2

தொடக்கத்துக்காக மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். கிழித்துப் போட்டதையும் காட்டுகிறேன், பாருங்கள்.

தொடக்கம் ஒன்று: "மேல்வரிசை முன்பல் விழுந்த அன்று மழை பெய்துகொண்டிருந்தது. சசிகலா தன் வாயில் ரத்தத்தின் உப்பை—"

நிறுத்திவிட்டேன். அன்று மழை இல்லை. எங்கள் மாவட்டத்தில் பயிருக்கே வராத மழையை ஒரு பல்லுக்காக வரவழைத்தால் ஊரில் என்னை அடிக்க வருவார்கள்.

தொடக்கம் இரண்டு: "மாது கையை ஓங்கினான். சசிகலா—"

இதை எழுதியதற்கு வெட்கப்படுகிறேன். மாது, அந்தப் பதின்மூன்றாம் டோக்கன்காரி சசிகலாவின் கணவர். கடத்தூர் பக்கம் இரண்டு ஏக்கரில் தக்காளியும் மஞ்சளும் போடுகிறவர். கதையில் ஒரு பெண்ணுக்குப் பல் போனால் அடித்தது புருஷன்தான் என்று வாசகரே எழுதிக்கொள்வார், எனக்கு வேலை மிச்சம் என்று கணக்குப் போட்டேன். பிறகு ஒருநாள் சசிகலாவுக்கே வாசித்துக் காட்டியபோது அவள் வாயில் கைவைத்துக்கொண்டாள்.

"ஏங்கா, கோழி அறுக்கறதுக்கே பக்கத்து வூட்டு ஆளக் கூப்புடற மனுசன். அவரப் போயி இப்படி எழுதிட்டீங்களே. அவரு படிச்சா அழுதுடுவாருங்க."

அடித்துவிட்டேன். மாதுவை அல்ல, அந்த வரியை.

தொடக்கம் மூன்று, நடந்தது நடந்தபடி: அதியமான்கோட்டையில் ஒரு வளைகாப்புக்குப் போய்விட்டு மாதுவும் சசிகலாவும் மொபெட்டில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். மாதுவின் ஹெல்மெட் வருஷம் முழுக்க வண்டிக் கண்ணாடியில்தான் தொங்கும். நெடுஞ்சாலையில் தூரத்தில் போலீஸ் வண்டியைப் பார்த்ததும் எடுத்துத் தலையில் மாட்டினார். மாட்டி நூறடி போகவில்லை, சர்வீஸ் ரோட்டு வேகத்தடையில் வண்டி குதித்தது. பின்னால் இருந்த சசிகலாவின் வாய், அவர் ஹெல்மெட்டின் பின்பக்கத்தில் போய் மோதியது. மேல்வரிசையில் நடுவில் இடப்பக்கத்துப் பல் வேரோடு வந்துவிட்டது. ஹெல்மெட்டில் கீறல்கூட இல்லை.

"நான் அதப் போடாம இருந்திருந்தா ஒனக்குப் பல்லு இருந்திருக்கும்" என்று மாது இன்றுவரை புலம்புகிறார்.

"அப்ப ஒங்க பின்மண்டையில என் பல்லு இருந்திருக்கும். வண்டிய ஓட்டுங்க" என்று சசிகலா சொல்கிறாள்.

3

அவர்கள் ஊரின் பெயரை எழுத மாட்டேன். ஏன் என்று வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். உள்ளூர்க்காரர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம், உங்கள் வாய்க்குள் இருப்பதை நான் உங்களுக்கே விளக்க வேண்டியதில்லை.

எங்கள் பக்கம் பல ஊர்களில் நாங்கள் குடித்து வளர்ந்தது போர்வெல் தண்ணீர். அதில் ஃப்ளோரைடு அதிகம். பால்பல் விழுந்து புதுப்பல் முளைக்கும்போதே அது பழுப்புக் கோடுகளோடுதான் முளைக்கும். டீ சிந்திய வெள்ளை வேட்டியை எத்தனை முறை துவைத்தாலும் ஒரு நிறம் நிற்குமே, அந்த நிறம். விளக்கினால் போகாது. விளக்காததால் வந்ததும் இல்லை. இதை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. "பல்லு வெளக்க மாட்டீங்களா?" என்று கல்லூரி விடுதியில் ஒருத்தி கேட்டாள். முப்பது வருஷம் ஆகிறது. அவளுக்கு இன்னும் நான் பதில் தயாரித்துக்கொண்டே இருக்கிறேன்.

அந்த நிறத்தை வைத்து நாங்கள் ஒருவரையொருவர் கண்டுபிடித்துவிடுவோம். பெங்களூரு பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் கொட்டாவி விட்டார், "நீங்க கடத்தூர் பக்கங்களா?" என்று கேட்டேன், ஆமாம் என்றார். இப்போது பிறக்கிற பிள்ளைகள் ஒகேனக்கல் காவிரித் தண்ணீர் குடிக்கிறார்கள், அவர்கள் பல் வெள்ளையாக முளைக்கிறது, நன்றாக இருக்கட்டும். ஆனால் இருபது வயதைத் தாண்டிய ஒருத்தர் வெள்ளைப் பல்லோடு ஊருக்குள் வந்தால், "செட்டு கட்டிக்கிட்டீங்களா?" என்பதுதான் முதல் கேள்வி. எங்கள் ஊரில் வெள்ளைப் பல் என்றால் பொய்ப் பல்.*

* வெளியூரில் இதற்கு நேர்மாறு, வெள்ளைதான் நல்ல பல். இந்தக் கதையே அந்த நேர்மாறில்தான் மாட்டிக்கொள்ளப் போகிறது.

பெண் கொடுத்து எடுக்கும்போதுதான் வம்பு வரும். ஜாதகம் பார்ப்பதற்கு முன்னால் "என்ன தண்ணி குடிக்கறாங்க?" என்று விசாரிக்கிற குடும்பங்கள் உண்டு. பல்லே இப்படி இருந்தால் எலும்பு எப்படி இருக்கும், பிறக்கிற குழந்தைக்கு என்ன ஆகும் என்று பேசுவார்கள். அந்தப் பேச்சால் நின்றுபோன சம்பந்தங்களை எனக்குத் தெரியும். ஆகவே ஊர்ப் பெயரை எழுத மாட்டேன் என்று முடிவு செய்தேன். (இந்த முடிவைப் பற்றி ஆறாம் பகுதியில் எனக்குச் செருப்படி விழும்.)

4

சசிகலாவுக்கு ஒரே மகள், தேவிப்பிரியா. வயது இருபத்திரண்டு. அம்மாவின் பல்தான் அவளுக்கும். சேலத்திலிருந்து ஒரு சம்பந்தம் ஏறக்குறைய முடிந்திருந்தது. பையன் வீட்டார் போட்டோவில்தான் பெண்ணைப் பார்த்திருந்தார்கள். போட்டோவில் தேவிப்பிரியா வாயை மூடியிருந்தாள். நிச்சயத்துக்கு நாள் குறிக்க அவர்கள் வருவதற்கு மூன்று வாரம் இருக்கும்போதுதான் அந்த வேகத்தடை குறுக்கே வந்தது.

பல் விழுந்ததும் இருவரும் போய்ப் பார்த்த பல் டாக்டரின் பெயர் ஜெனிஷா (நான் ஒட்டுக்கேட்டது இதற்கு அப்புறம் ஒருநாள்). தர்மபுரி டவுனிலேயே வளர்ந்த இளம்பெண். எதையும் ஒளிக்காமல் பேசுகிறவள்.

"ரெண்டு வழி இருக்குதுங்கம்மா. ஒண்ணு கழட்டி மாட்டற பல்லு, டென்ச்சர். பத்து நாள்ல குடுத்துடலாம். தூங்கறப்ப கழட்டித் தண்ணியில போட்டு வெக்கணும். இன்னொண்ணு இம்ப்ளான்ட். எலும்புல ஸ்க்ரூ மாதிரி ஒண்ணு வெச்சு, அது எலும்போட ஒட்டினப்பறம் அதுமேல பல்ல உக்கார வெப்போம். நாலு மாசம் ஆகும். அத நீங்களா கழட்ட முடியாது."

"கழட்டவே முடியாதுங்களா?"

"முடியாது."

"செத்தாலும் கூடவே வருமா?"

"வரும்" என்று சிரித்தாள் ஜெனிஷா.

மாது கவலையோடு கேட்டார்: "வேகத்தடையில ஏறுனா?"

விலையை எழுத மாட்டேன். விலை எழுதினால் நீங்கள் உடனே மாதுவின் இரண்டு ஏக்கரை வகுக்க ஆரம்பித்துவிடுவீர்கள், கதை வறுமைக் கதையாகிவிடும். அவர்களுக்கு அது கஷ்டம்தான். ஆனால் முடியாத கஷ்டம் இல்லை.

இங்கே ஒரு மோசடியை ஒப்புக்கொள்ள வேண்டும். முதல் மூன்று வரைவுகளில் இந்த இடத்தில் பெரிய முடிச்சு ஒன்று போட்டிருந்தேன்: டென்ச்சர் பத்து நாள், இம்ப்ளான்ட் நாலு மாதம், பையன் வீட்டார் வருவதோ மூன்று வாரத்தில், ஐயோ, என்ன செய்வாள் சசிகலா! ஆனால் ஜெனிஷா இன்னொன்றும் சொன்னாள். இம்ப்ளான்ட் ஒட்டும்வரை டென்ச்சரை மாட்டிக்கொண்டு சமாளிக்கலாம், எத்தனையோ பேர் அப்படித்தான் செய்கிறார்கள். இதைச் சொன்னால் என் முடிச்சு அவிழ்ந்துவிடும். ஆகவே மூன்று வரைவுகளில் அந்த டாக்டரின் வாயை அடைத்துவைத்திருந்தேன். இப்போது திறந்துவிட்டேன். அவளுடைய பிழைப்பைக் கெடுத்து எனக்கு ஒரு கதை வேண்டாம்.

நாள் இல்லை முடிச்சு. நிறம்தான். ஜெனிஷா ஷேடு கைடு ஒன்றை எடுத்து நீட்டினாள். ஒரு கம்பியில் வரிசையாகக் கோத்த மாதிரிப் பற்கள், வெள்ளையில் தொடங்கி மங்கலில் முடியும். அதில் ஒவ்வொன்றாகச் சசிகலாவின் பல் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். எதுவும் சேரவில்லை.

"இதுல இருக்கறதுலயே மங்கல் இதுதாங்கம்மா. இதுக்கு மேல கம்பெனிக்காரன் செய்யல."

அந்த நேரம் பார்த்து சசிகலாவின் தம்பி சந்திரமோகன் ஓசூரிலிருந்து போன் செய்தார். அங்கே ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். அக்காவின் மேல் உயிராக இருக்கிறவர். அதுதான் சிக்கல், கெட்டவராக இருந்தால் எனக்கு எழுதச் சுலபமாக இருந்திருக்கும்.

"அக்கா, நான் சொல்றதக் கேளு. ஒரு பல்லு வெக்கறதோட நிறுத்தாத. முன்னால இருக்கற எல்லாத்துக்கும் வெள்ளையா கேப் போட்டுக்க. தேவிக்கும் போட்டுடலாம். வர்றவங்க சேலத்துக்காரங்க. பல்லப் பாத்தா ஊரக் கேப்பாங்க, ஊரக் கேட்டா தண்ணியக் கேப்பாங்க. தண்ணியக் கேட்டாங்கன்னா போச்சு."

எல்லாப் பல்லையும் ராவி கேப் போட சசிகலா ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு பல்லுக்கு டென்ச்சர் போதும், மற்றதை அப்புறம் பார்க்கலாம் என்றாள். "அப்ப அந்த ஒண்ணாவது வெள்ளையா இருக்கட்டும் டாக்டர்" என்று ஸ்பீக்கரில் சந்திரமோகன் சொன்னார். ஜெனிஷா சசிகலாவைப் பார்த்தாள். சசிகலா பேசாமல் இருந்துவிட்டாள். இந்தக் கதையில் அவள் வாயை மூடிக்கொண்டிருந்த ஒரே இடம் அது. பத்து நாளில் பல் வந்தது. பச்சரிசி மாதிரி வெள்ளை.

5

பையன் வீட்டார் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தார்கள். தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, பழம், பூ. சந்திரமோகன் ஓசூரிலிருந்து முந்தின நாளே வந்து, தேவிப்பிரியாவுக்கு ஒரே ஒரு பாடம் நடத்தியிருந்தார்: "கேட்டதுக்குத் தலைய ஆட்டு. சிரிக்காத. பேசறதா இருந்தா ஒதட்ட அதிகம் தொறக்காத."

பையனின் அம்மா பெயர் நிர்மலா. அவரை வில்லியாக்க நான் எவ்வளவோ முயன்றேன். நகைகளை அதிகமாகப் போட்டுப் பார்த்தேன். மூக்கைச் சுளிக்க வைத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை. நல்ல மனுஷி. வந்ததும் சமையலறைக்குள் போய் வடை தட்ட ஒத்தாசை செய்தவர். பெண்ணின் உதட்டிடையில் லேசாகத் தெரிந்த பல்லைப் பார்த்தார், அம்மாவின் பல்லைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. எல்லாரும் உட்கார்ந்த பிறகு சசிகலாவின் கையைப் பிடித்துக்கொண்டு, ஆறுதலாகத்தான் சொன்னார்:

"தப்பா எடுத்துக்காதீங்க சம்பந்தி. தண்ணியால ஒங்களுக்குப் பல்லெல்லாம் வீணாப் போயிருக்குது. ஆனா அந்த ஒரு பல்லு மட்டும் எவ்வளவு அழகாத் தப்பிச்சிருக்குது பாருங்க. அதையாவது பத்திரமாப் பாத்துக்கங்க."

சந்திரமோகன் அவசரமாகச் சொன்னார்: "ஆமாங்க, அது ஒண்ணு மட்டும் எங்க அக்காவுக்கு நல்லா அமைஞ்சிடுச்சுங்க."

இந்த இடத்தில் நான் எழுதிய மூன்று விதங்கள்:

(அ) சசிகலா புன்னகைத்தாள். அந்தப் புன்னகையில் ஆயிரம்—

வேண்டாம். புன்னகையில் ஆயிரம் இருப்பதாக எழுதுகிறவர்கள் யாரும் அந்த வாய்க்குள் எட்டிப் பார்த்ததில்லை.

(ஆ) மாது எழுந்தார். "எம் பொண்டாட்டி பல்லப் பத்திப் பேச நீங்க யாரு?" என்று—

மாது எழுந்திருக்க மாட்டார். எழுந்தாலும் தண்ணீர் குடிக்கத்தான் எழுந்திருப்பார்.

(இ) நடந்தது. சசிகலா நிர்மலாவின் கையிலிருந்து தன் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டாள். கட்டைவிரலை வாய்க்குள் விட்டு, அந்த டென்ச்சரை நெம்பி எடுத்தாள். ரோஸ் நிறத் தகடும் கம்பியும் அதில் ஒற்றை வெள்ளைப் பல்லும். முந்தானையில் துடைத்து, தாம்பாளத்தில் வெற்றிலைமேல் வைத்தாள்.

"இதுங்களா? இது போன வாரம் வந்ததுங்க. மீதி இருக்கறதெல்லாம் ஏழு வயசுலேர்ந்து என்னோட இருக்குது. சோறு தின்னது இதுல. கரும்பு கடிச்சது இதுல. இவளப் பெத்தப்ப வலி பொறுக்க முடியாம கடிச்சுக்கிட்டதும் இதத்தான். நல்ல பல்லப் பத்திரமாப் பாத்துக்கன்னு சொன்னீங்கல்ல? அப்ப நான் இதுங்களத்தான் பாத்துக்கணும்."

முன்பல் இல்லாமல் பேசியதால் காற்று வெளியேறி வார்த்தைகள் சீறின. சந்திரமோகன் தாம்பாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது தேவிப்பிரியா சிரித்தாள். அடக்கப் பார்த்து முடியாமல், வாய் நிறைய, மேல்வரிசை கீழ்வரிசை எல்லாம் தெரியச் சிரித்தாள். பையன் நிமிர்ந்து பார்த்தான். அந்தப் பெண்ணின் முழு முகத்தை அவன் முதல்முறையாக அப்போதுதான் பார்த்தான்.

6

மேலே இருக்கும் ஐந்து பகுதிகளையும் சசிகலாவுக்கு வாசித்துக் காட்டினேன். அன்று டோக்கன் வரிசையில் பழகிய பிறகு நாங்கள் நெருங்கிவிட்டிருந்தோம். என்னைவிட இளையவள், என்னை அக்கா என்கிறாள். மஞ்சள் வேக வைக்கிற அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள். கேட்டு முடித்து ஒரு விறகைத் தள்ளிவிட்டுச் சொன்னாள்:

"ரொம்ப தைரியசாலியா எழுதிட்டீங்கக்கா. கழட்டறப்ப எச்சி ஒழுகிச்சு. அதையும் எழுதுங்க."

எழுதிவிட்டேன். எச்சில் ஒழுகியது.

"அப்பறம், அந்தம்மா போனதுக்கப்பறம் நான் அழுதங்க. பொண்ணு வாழ்க்கையக் கெடுத்துட்டனேன்னு. தம்பி ஒரு வாரம் பேசல, இப்பவும் பட்டும் படாமத்தான் பேசறான். அது எங்கங்க?"

அதை நான் வேண்டுமென்றே விட்டிருந்தேன். என் நாயகி அழக்கூடாது என்று எனக்கு ஒரு வீம்பு. இப்போது சேர்த்துவிட்டேன்: அழுதாள். அழுதுகொண்டே அடுத்த நாள் முதல் பஸ் பிடித்து, இம்ப்ளான்ட் கேட்டுத் தர்மபுரிக்குப் போனாள். அன்றைக்குத்தான் பதின்மூன்றாம் டோக்கன்.

"டென்ச்சர் இருந்ததாலதான கழட்டி வெக்க முடிஞ்சது? அப்பறம் ஏன் இம்ப்ளான்ட் கேட்ட?" என்றேன்.

"ஒருக்கா கழட்டினது போதுங்க. பாக்கறவங்களுக்கெல்லாம் கழட்டிக் காட்டிக்கிட்டேவா இருக்க முடியும்? இனிமே வர்றது எங்கூடவே இருக்கணும், சாகற வரைக்கும். அப்படி இருக்கறதா இருந்தா அது மத்ததுங்க மாதிரியே இருக்கணும். முப்பது பேரு ஒரு நெறமா இருக்கற வூட்ல ஒருத்தன மட்டும் வெள்ள அடிச்சு நிறுத்தி வெச்சா, அவன் என்ன விருந்தாளியா?"

பிறகு கேட்டாள்: "ஆமா, எங்க ஊரு பேர ஏன் எழுதல?"

"ஊர்ல பொண்ணுங்களுக்குக் கல்யாணம் தடைபடக்கூடாதுன்னுதான்."

"பல்ல எழுதுவீங்க, ஊர மறைப்பீங்களா? எந்தம்பி சொன்னதத்தான நீங்களும் சொல்றீங்க? நீங்களும் அதே ஊர்தானக்கா?"

ஆமாம். நானும் அதே ஊர்தான்.

7

எதற்காகப் பதினான்காம் டோக்கனோடு உட்கார்ந்திருந்தேன் என்பதை இனிமேல் மறைக்க முடியாது. முன்பற்கள் ஆறுக்கும் வெள்ளை கேப் போட்டுக்கொள்ளத்தான் போயிருந்தேன். என் ஐந்தாவது புத்தகம் வரப்போகிறது, பின்னட்டைக்குப் புதுப் படம் வேண்டும். முந்தைய நான்கு புத்தகங்களின் பின்னட்டையிலும் நான் வாயை இறுக மூடிக்கொண்டிருக்கிறேன். ஒரு விமர்சகர் அந்த முகத்தைப் பற்றி, "சமரசமற்ற மௌனம்" என்று எழுதினார். அது மௌனம் இல்லை ஐயா. பல் கறை.

சசிகலா பேசியதைக் கேட்டுவிட்டு, என் டோக்கனைக் கூப்பிட்டபோது நான் எழுந்திருக்கவில்லை. பதினைந்தாம் எண்காரர் உள்ளே போனார்.

நாலு மாதம் கழித்து, சசிகலாவின் தாடையில் வைத்த ஸ்க்ரூ எலும்போடு ஒட்டிவிட்டது என்று ஜெனிஷா சொன்னாள். மேலே மாட்ட வேண்டிய பல் சேலத்திலிருக்கும் லேபில் தயாராக வேண்டும். முதலில் வந்தது தந்த நிறம். திருப்பி அனுப்பினார்கள். இரண்டாவதாக வந்தது டீயில் நனைத்த பிஸ்கட் மாதிரி ஒரே பழுப்பு. அதையும் திருப்பி அனுப்பினார்கள். "எல்லாரும் வெள்ள வேணும்னுதான் திருப்பி அனுப்புவாங்க. இவங்க என்ன கேக்கறாங்கன்னே எங்களுக்குப் புரியலைங்க டாக்டர்" என்று லேபில் அலுத்துக்கொண்டார்களாம்.

மூன்றாவது முறை பல்லோடு ஆளே வந்தார். செபாஸ்டின் என்று பெயர். லேபில் டெக்னீஷியன். சொந்த ஊர் கம்பைநல்லூர் பக்கம். சனிக்கிழமை வீட்டுக்குப் போகிற வழியில் இறங்கியிருந்தார். முகத்தில் மாஸ்க். நிறம் தீட்டாத பல், பொடிச் சாயங்கள், மயிர் மாதிரி மெல்லிய பிரஷ் எல்லாம் ஒரு டப்பாவில் இருந்தன. நானும் அன்று அங்கே இருந்தேன், சசிகலா துணைக்குக் கூப்பிட்டிருந்தாள். ஆகவே இந்தப் பகுதியில் ஒட்டுக்கேட்டது எதுவும் இல்லை, கண்ணால் பார்த்தது.

செபாஸ்டின் சசிகலாவை வாயைத் திறக்கச் சொல்லி ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு ஜெனிஷாவிடம், "டாக்டர், கைக்கண்ணாடி ஒண்ணு குடுங்க" என்றார். வாங்கினார். மாஸ்க்கைக் கழற்றினார். கண்ணாடியில் தன் பல்லைப் பார்த்தார்.

அதே கோடுகள். அதே பழுப்பு.

"கோடு நேராப் போகாதுங்கம்மா" என்றார் சசிகலாவிடம். "மேலேர்ந்து ரெண்டாவது கோடு ஓரத்துல கொஞ்சம் வளையும். எனக்கும் அப்படித்தான். எங்கம்மாவுக்கும் அப்படித்தான். இத லேப்ல ஒக்காந்து போட்டோவப் பாத்துப் போட்டா வராதுங்க."

கண்ணாடியில் ஒரு பார்வை, சசிகலாவின் வாயில் ஒரு பார்வை, பிரஷ்ஷில் ஒரு இழுப்பு. இப்படியே ஒரு மணி நேரம். எடுத்துப்போய் சூளையில் சுட்டுக் கொண்டுவர வேண்டும் என்றார். டப்பாவை மூடும்போது, யாரும் கேட்காமலே சொன்னார்:

"ஏழு வருசமா இந்த வேல செய்யறங்க. அத்தனயும் வெள்ளப் பல்லு. எம் பல்லப் பாத்து நான் செஞ்சது இது ஒண்ணுதான்."

வெளியே போகும்போது மாஸ்க்கை மாட்ட மறந்துவிட்டார். மறந்தாரா என்று எனக்குத் தெரியாது. மாட்டவில்லை என்று மட்டும் எழுதுகிறேன்.

8

இனி முடிவு. தேவிப்பிரியாவுக்குக் கல்யாணம் ஆனதா, அதைத்தானே கேட்கிறீர்கள்?

இரண்டு முடிவையும் எழுதி வைத்திருந்தேன். ஒன்றில் நிர்மலா போனில் கூப்பிட்டு நாள் குறிக்கச் சொல்கிறார். இன்னொன்றில் அந்த போன் வரவே இல்லை. இரண்டில் ஒன்றுதான் நடந்தது, எது என்று எனக்குத் தெரியும். எதைப் போடட்டும் என்று அதே மஞ்சள் அடுப்படியில் சசிகலாவிடமே கேட்டேன்.

"ரெண்டையும் போடாதீங்க" என்றாள்.

"ஏன்?"

"கல்யாணம் ஆச்சுன்னு எழுதுனீங்கன்னு வெய்யுங்க. பரவால்ல, கறப்பல்லா இருந்தும் கட்டிக்கிட்டாங்க, பெரிய மனசுன்னு அவங்களப் பாராட்டுவாங்க. ஆகலன்னு எழுதுனீங்கன்னா, பாரு, வாய மூடிக்கிட்டு இருந்திருந்தா ஆயிருக்கும்னு என்னத் திட்டுவாங்க. எப்படி எழுதுனாலும் எங்க பல்லு குத்தவாளிக் கூண்டுலதான் நிக்கும். அது என்னக்கா தப்பு செஞ்சது? முளைச்சதா?"

முப்பது வருஷமாக விடுதித் தோழிக்குத் தயாரித்துக்கொண்டிருந்த பதிலை இவள் ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டாள். இரண்டு முடிவையும் அடுப்பில் போட்டேன். மஞ்சள் வெந்தது.

"பல்லு பொருந்திச்சான்னு மட்டும் எழுதுங்க" என்றாள்.

பொருந்தியது. எது புதுப் பல் என்று எனக்கே இப்போது தெரிவதில்லை. மாதுவுக்கும் தெரியவில்லை. சந்திரமோகன் ஒருநாள் வந்து அக்காவின் முகத்தை உற்று உற்றுப் பார்த்துவிட்டு, "அக்கா, எது அந்தப் புதுப் பல்லு?" என்று கேட்டார். அதற்குப் பிறகு பழையபடி பேச ஆரம்பித்துவிட்டார்.

என் விஷயம் பாக்கி இருக்கிறது. போன வாரம் தர்மபுரியில் அறிவழகன் ஸ்டுடியோவில் பின்னட்டைக்குப் படம் எடுத்துக்கொண்டேன். என் நான்கு படங்களையும் எடுத்தவர் அவர்தான். வழக்கம்போல மூடிய வாயோடு ஒன்று எடுத்தார். பிறகு, என் வாழ்க்கையில் முதல்முறையாக, இன்னொன்று எடுக்கச் சொன்னேன். எடுத்தார். கம்ப்யூட்டரில் அதைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, நல்ல எண்ணத்தில்தான் கேட்டார்:

"மேடம், சிரிச்சது நல்லா வந்திருக்குது. பல்லுல அந்தக் கறைய மட்டும் எடுத்துடட்டுங்களா? ரெண்டு நிமிச வேலதான்."

நான் என்ன சொன்னேன் என்பதுதான் இந்தக் கதையின் முடிவு. அதை நான் எழுதப்போவதில்லை. புத்தகத்தை மூடித் திருப்புங்கள், படம் பின்னட்டையில் இருக்கிறது. படத்துக்குக் கீழே, இத்தனை பக்கமும் நான் எழுத மறுத்த எங்கள் ஊரின் பெயரையும் அச்சிடச் சொல்லியிருக்கிறேன்.